சண்டை இல்லீங்க, உப்புக் கேட்டாரு!

வால்யூம் விஷயத்தில் உலகத்தில் இரண்டே கட்சிகள்தான். கூட்டுகிற கட்சி, குறைக்கச் சொல்கிற கட்சி. நடுவில் கூட்டணி கிடையாது. டீக்கடை, ஷேர் ஆட்டோ, மேன்ஷன் ரூம், கல்யாணமாகி மூன்றே மாதமான வீடு... எங்கே பார்த்தாலும் ஒருத்தர் விரல் ரிமோட்டில், இன்னொருத்தர் கண் அந்த விரலில்.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு மத்தியஸ்தர் வந்திருக்கிறார். என் நண்பன் வாங்கிய காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். (செகண்ட்ஹாண்ட் கார்தான். ஆனால் அவன் எதிரில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. "ஒரே ஓனர் ஓட்டின வண்டி" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும்.)

கிண்டியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு வேலையாக அந்தக் காரில் போனேன். பூந்தமல்லி தாண்டி வண்டி வேகம் எடுத்தது. டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் ஏற ஏற, பாட்டும் லேசாகத் தானே பெருத்தது. டோல்கேட்டில் நின்றதும் தானே இறங்கியது. யாரும் எதையும் தொடவில்லை.

"பாத்தியா?" என்றான் நண்பன், அவனே ராத்திரி கண்விழித்துக் கண்டுபிடித்த மாதிரி.

விஷயம் எளிமையானது. ஸ்பீடாமீட்டருக்குப் போகிற தகவலில் ஒரு நகல் ஸ்டீரியோவுக்கும் போகிறது. வேகம் கூடினால் இரைச்சல் கூடும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் வேகத்துக்குத் தகுந்தபடி வால்யூமைத் தூக்கிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் நம்ம ஊர் சிக்னலில் மத்தியஸ்தர் திணறிவிட்டார். ஜன்னல் திறந்திருக்கிறது. இடது பக்கம் தண்ணீர் லாரி, வலது பக்கம் மாநகரப் பேருந்து, பின்னால் பச்சை விழுவதற்கு பத்து செகண்ட் முன்னாலேயே ஹாரனை அழுத்திவிட்ட ஒரு புண்ணியவான். காதைப் பிளக்கிறது. காரின் வேகமோ பூஜ்யம். வேகம் பூஜ்யம் என்றால் அமைதி என்று அர்த்தம் செய்துகொண்டு, பாட்டை இன்னும் குறைத்து வைத்தது அந்த மெஷின்! அதற்கு வேகம் தெரியும், சத்தம் தெரியாது.

அதனால்தான் கொஞ்சம் விலை உயர்ந்த ஏற்பாடுகளில் காருக்குள்ளேயே ஒரு சின்ன மைக் வைக்கிறார்கள். போஸ் கம்பெனியின் 'ஆடியோபைலட்' இந்த வகை. மைக் இரைச்சலைக் கேட்கும், அதற்கேற்றபடி பாட்டு சரியாகும்.

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? இங்கேதான் ஒரு சிக்கல். மைக்கின் காதில் வெளி இரைச்சல் மட்டுமா விழும்? காரில் ஓடுகிற பாட்டும்தானே விழும்? பாட்டையே இரைச்சல் என்று நினைத்து மெஷின் வால்யூமைக் கூட்டும். கூட்டிய பாட்டு இன்னும் பெரிய இரைச்சலாகக் கேட்கும். இன்னும் கூட்டும். இப்படியே போனால், கார் நின்ற இடத்தில் நிற்கும். ஸ்பீக்கர் மட்டும் கிழிந்திருக்கும்.

இதற்கு இன்ஜினீயர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. "வெளியே என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் போட்டுக்கொண்டிருக்கிற பாட்டு எனக்குத் தெரியுமே!" மைக்கில் வருகிற மொத்தத்திலிருந்து தன் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஊர்ச் சத்தம். ஒரே பிரச்னை, ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு வருவதற்குள் சீட்டிலும் கண்ணாடியிலும் முன்சீட்டு மாமாவின் தொந்தியிலும் மோதிப் பாட்டு உருமாறிவிடும். அந்த மாற்றத்தையும் மெஷின் கற்றுக்கொள்ள வேண்டும். 1960-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் விட்ரோ என்ற பேராசிரியரும், அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் இந்த மாதிரிக் கற்றலுக்கு ஒரு கணக்குமுறை கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருக்கிற பிசகைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே திருத்திக்கொள்கிற முறை. (அதே ஹாஃப்தான் பிற்பாடு இன்டெல் கம்பெனியில் சேர்ந்து, 1971-ல் வெளிவந்த 4004 மைக்ரோபிராசஸரை உருவாக்கியவர்களில் ஒருவர்.) செல்போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பி வந்து கேட்காமல் இருக்கிறதே, அதுவும் இந்த வம்சத்து உபயம்தான்.

பெரிய கூடங்களில் அறிவிப்பு செய்கிற சிஸ்டங்களில் இன்னும் சுலபமான வழி உண்டு. அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவில், தான் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தின் சத்தத்தை அளந்து வைத்துக்கொள்ளும். அந்த அளவை வைத்து அடுத்த அறிவிப்பின் வால்யூமைத் தீர்மானிக்கும். தான் பேசும்போது ஊர்ச் சத்தத்தை அளப்பதில்லை.

ஆக, ஒழுங்காகச் செய்த மெஷினுக்கு நாலு நல்ல குணங்கள் இருக்க வேண்டும். ஒன்று, அவசரப்படக் கூடாது. யாரோ கதவைச் சாத்தினார்கள், ஒரு ஹாரன் அடித்தது என்பதற்கெல்லாம் துள்ளாமல், சில விநாடி சராசரி பார்த்து நிதானமாக ஏற வேண்டும். இரண்டு, இதற்கு மேல் போக மாட்டேன் என்று உச்சவரம்பு வேண்டும். மூன்று, தன் சத்தம் எவ்வளவு என்று தனக்குத் தெரிய வேண்டும். நாலாவது, வெளியே அமைதியானதும் தானும் இறங்க வேண்டும்.

இந்த நாலும் உள்ள மனிதர் ஒருத்தரை உங்கள் ஆபீஸில் காட்டுங்கள். அவருக்குப் பக்கத்து சீட் போட்டுத் தரச் சொல்லி நான் மனு கொடுக்கிறேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் தொண்டைக்குள்ளேயும் இதே சர்க்யூட் இருக்கிறது. காசு கொடுக்காமல், உடம்போடு வந்தது. சுற்றிலும் சத்தம் கூடினால், நாம் நினைக்காமலேயே நம் குரல் கூடிவிடும். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது, மூக்கு, தொண்டை டாக்டர் 1911-ல் இதைப் பற்றி எழுதினார். அதனால் இதற்கு லொம்பார் விளைவு என்றே பெயர்.

டாக்டர் இதை வைத்துக் கள்ளர்களைப் பிடித்தார் என்பதுதான் சுவாரஸ்யம். "எனக்கு ரெண்டு காதும் கேக்கலை டாக்டர்" என்று ஒருத்தர் வருகிறார் என்று வையுங்கள். கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் காதில் இரைச்சலை விட வேண்டியது. நிஜமாகவே செவிடு என்றால் குரல் மாறாது. நடிப்பவர் என்றால், இரைச்சல் வந்ததுமே குரல் தன்னை அறியாமல் ஏறிவிடும். வாய் பொய் சொல்லலாம், வால்யூம் சொல்லாது. மெடிக்கல் லீவுக்கு மனு எழுதும் அன்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

பறவைகளுக்கும் இது உண்டு. ஹென்ரிக் ப்ரூம் என்ற விஞ்ஞானி பெர்லின் நகரத்து நைட்டிங்கேல் பறவைகளின் பாட்டை அளந்து 2004-ல் வெளியிட்டார். போக்குவரத்து அதிகமுள்ள இடத்துப் பறவைகள் உரக்கப் பாடுகின்றன. வேலை நாள் காலையில் உரக்கப் பாடுகிறவை, சனி ஞாயிறில் அடக்கி வாசிக்கின்றன. நமக்கு லீவு என்றால் அதற்கும் தொண்டைக்கு லீவு!

பறவை செய்கிற அந்தக் கடைசி வேலையைத்தான் நாம் செய்வதில்லை. இறங்குவதில்லை.

கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருப்பீர்கள். மேடையில் லைட் மியூசிக். முதல் பாட்டுக்கு எல்லாம் சுமுகமாகத்தான் இருக்கும். இரண்டாவது பாட்டுக்குள் கூட்டம் சேர்ந்துவிடும். பத்து வருஷம் கழித்துப் பார்த்த சித்தப்பாவிடம், "எப்ப வந்தீங்க?" என்று கொஞ்சம் உரக்கக் கேட்கிறீர்கள். எல்லாரும் உரக்கக் கேட்கிறார்கள். மேடையில் பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கவில்லை. மைக்செட்காரரைப் பார்த்துக் கட்டை விரலை மேலே காட்டுகிறார். வால்யூம் ஏறுகிறது. சித்தப்பா காதுக்குள் வாயை வைத்துக் கத்துகிறீர்கள். மறுபடி கட்டை விரல். சாப்பாட்டுப் பந்திக்குப் போவதற்குள், "பாயசம்" என்று கேட்டவருக்கு அப்பளம் விழுகிறது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொருத்தரும் அடுத்தவர் சத்தத்துக்குத்தான் பதில் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் தன் பங்கும் இருக்கிறது என்பதைக் கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நம் நாட்டு ஒலி மாசு விதிகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கின்றன. 2000-ல் வந்த விதிகள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவு வைத்திருக்கிறார்கள். பொது இடத்து ஒலிபெருக்கி, அந்த இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு விதித்த அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. எப்படியும் 75-ஐத் தாண்டவே கூடாது. கவனியுங்கள், 'அங்கே இருக்கிற சத்தத்தைவிட 10' என்று சொல்லவில்லை. 'விதித்த அளவைவிட 10'. இருக்கிற சத்தத்தை வைத்துச் சொல்லியிருந்தால், எதிர்த் தெருக் குழாய் ஸ்பீக்கரைக் காரணம் காட்டி நம் தெருவில் 10 கூட்டலாம். நம்மைக் காட்டி அவர்கள் 10 கூட்டுவார்கள். விடிவதற்குள் இரண்டு தெருவும் செவிடாகியிருக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாக நான் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் குமாரபாளையத்தில் இருக்கிறது. பெயர் அப்பா.

காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் குமாரபாளையம். தெருவுக்குத் தெரு விசைத்தறி. அப்பா 1979-ல் தறியில் கை வைத்தவர், 2012-ல்தான் எடுத்தார். ஒரே கூரையின் கீழ் நாற்பது தறி. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் காதால் கேட்க வேண்டாம், நெஞ்சாலேயே கேட்கலாம். விசைத்தறிக் கூடங்களில் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். 100-ஐத் தொடுகிற இடங்களும் உண்டு.

அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் அப்பாவும் கூட்டாளிகளும் தனி பாஷை வைத்திருந்தார்கள். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி காட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது. கட்டை விரல் வாய்க்குப் போனால் டீ. நெற்றியில் பட்டையாக இழுத்துக் காட்டினால் முதலாளி வருகிறார். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளிலும் இதே கதைதான். அங்கே நெசவுக்காரப் பெண்கள் உதட்டைப் பெரிதாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசிக்கொள்வார்களாம். அதற்கு 'மீ-மாயிங்' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

அவசரத்துக்குக் கத்தித்தான் ஆக வேண்டும். அதில் ஓர் ஆபத்து உண்டு. ஒருநாள் அப்பாவின் கூட்டாளி ஒருத்தர், தீபாவளி போனஸ் சம்பந்தமாகத் தன் உள்ளத்தில் இருந்ததைப் பக்கத்துத் தறிக்காரரிடம் முழு மூச்சில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. நாற்பது தறியும் ஒரே விநாடியில் நின்றன. "...கஞ்சப்பிசினாறி!" என்ற கடைசி வார்த்தை மட்டும் தெருக்கோடி வரைக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. வாசலில் முதலாளி. அந்த வருஷ போனஸ் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள்.

கரண்ட் போனால் தறி நின்றுவிடும். அப்பாவின் குரல் நிற்காது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அதே வால்யூம்தான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டார்:

"ஏனுங்க்கா... வூட்ல எதாச்சும் சண்டைங்களா? ராத்திரி சத்தம் கேட்டுது..."

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உப்புக் கேட்டாருங்க."

அப்பாவுக்கு ரகசியம் பேச வராது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி கொடுத்தார்கள். ஒரு கடி கடித்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, தன் கணக்கில் காதோடு காதாக, "பஜ்ஜியில உப்பே இல்லையேடா!" என்றார். உள்ளேயிருந்து இரண்டு பேர் உப்பு ஜாடியோடு ஓடி வந்தார்கள். அந்த பஜ்ஜியைப் போட்டவர்தான் இன்று என் மனைவி. இதுவரை எங்கள் வீட்டில் பஜ்ஜி போட்டதில்லை.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் சொல்வது இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம். 94 என்றால் 1 மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிஷம். அப்பாவின் ஷிஃப்ட் 12 மணி நேரம். முதல் டீக்கு வெளியே வருவதற்கு முன்பே அன்றைய கோட்டா முடிந்திருக்கும்.

உள்காதில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய மயிர்செல்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்குச் சேதியாக மாற்றுகிறவை அவைதான். ஓயாத இரைச்சலில் அவை ஒவ்வொன்றாகச் சாகும். பெர்லின் நைட்டிங்கேலுக்குக் கவலையில்லை. பறவைகளுக்கு இந்தச் செல்கள் திரும்ப முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது.

அதிலும் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில் உள்ள மெல்லிய, கூர்மையான ஒலிகள். ச, த, க போன்ற மெய்யெழுத்துக்களின் தெளிவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் பேசுகிற சத்தம் கேட்கும், வார்த்தை கேட்காது. "மோர் வேணுங்களா?" என்று அம்மா கேட்டால், "யாரு? மாரியா? உள்ள வரச் சொல்லு" என்பார் அப்பா. தன் குரலும் தனக்குச் சரியாகக் கேட்காததால், தொண்டையில் இருக்கிற மெஷின் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகும். லொம்பார் டாக்டர் சொன்னபடிதான். தறி நின்று எத்தனையோ வருஷமாகியும், அப்பாவின் தொண்டைக்கு மட்டும் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"தறிக்காரர் கதை சரி. ஏசி ஆபீஸில் உட்காருகிற எனக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

உங்கள் சட்டைப் பையில் இயர்போன் இருக்கிறதா?

தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் மின்சார ரயில். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். போக வர இரண்டு. ஜன்னல் காற்று, சக்கரம், சுண்டல்காரர், பக்கத்தில் ஸ்பீக்கரில் வீடியோ பார்க்கிறவர்... இவர்கள் எல்லாருக்கும் மேலே பாட்டு கேட்க வேண்டுமே! பல்லாவரத்தில் ஒரு புள்ளி ஏற்றுகிறோம். கிண்டியில் இன்னொன்று. நம்மை அறியாமல் நாமே அந்தக் காருக்குள் இருக்கிற மெஷின் ஆகிவிடுகிறோம். அந்த நாலு குணத்தில் ஏறுவது மட்டும் நமக்கு வரும். ஆபீஸ் லிஃப்டில் அமைதியாக நிற்கும்போது நம் காதில் ஓடுகிற பாட்டு அடுத்தவருக்கும் கேட்கிறதே, அப்போதாவது இறக்குகிறோமா?

உலக சுகாதார அமைப்பின் கணக்கு தொழிற்சாலைக் கணக்கைவிடக் கறாரானது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அங்கேயும் 3 ஏறினால் பாதி. 83-க்கு 20 மணி. 86-க்கு 10 மணி. 89-க்கு 5. 92-க்கு இரண்டரை மணி நேரம். நீங்கள் 92-ல் கேட்கிறவர் என்றால், திங்கட்கிழமை போக வர இரண்டு மணி நேரம் போயிற்று. மிச்சம் அரை மணி. செவ்வாய்க்கிழமை காலை ரயில் சைதாப்பேட்டையை நெருங்கும்போது அந்த வாரக் கோட்டா காலி. அப்பாவுக்கு இந்தச் சேதத்துக்கு வாரச் சம்பளம் கொடுத்தார்கள். நாம் காசு கொடுத்து இயர்போன் வாங்கிச் செய்துகொள்கிறோம்.

இதற்கு வழி, பாட்டை ஏற்றுவதல்ல, இரைச்சலை இறக்குவது. காதுக்குள் பொருந்தி அடைத்துக்கொள்கிற இயர்போனே வெளிச் சத்தத்தில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். அடுத்தது, சத்தத்தைச் சத்தத்தால் அடிக்கிற நாய்ஸ் கேன்சலிங். வருகிற ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே இந்த யோசனைக்கு அமெரிக்கப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978-ல் சூரிச்சிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, ஹெட்போனில் பாட்டைவிட இன்ஜின் சத்தம்தான் அதிகம் கேட்கிறது என்று கடுப்பாகி, உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். நம்மில் பலர் விமானத்தில் கடுப்பானால் ஏர்ஹோஸ்டஸிடம் இன்னொரு தண்ணீர் பாட்டில் கேட்போம்.

ரயில், விமானம் மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தத்தை இந்த வித்தை நன்றாக அமுக்கும். சுண்டல்காரர் குரலை அவ்வளவாக அமுக்காது. அதுவும் நல்லதுதான், பசிக்குமே. ஆனால் தண்டவாளத்தைத் தாண்டும்போதும் ரோட்டிலும் தயவு செய்து காதைத் திறந்து வையுங்கள். அங்கே இரைச்சலும் ஒரு தகவல்தான்.

அப்பா கதையில் பாக்கி இருக்கிறது.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. குமாரபாளையம் போனால் தாத்தா கை நீட்டி, "வா கண்ணு!" என்பார். ஆசையாகத்தான் கூப்பிடுவார். வீடே அதிரும். குழந்தை வீரிட்டு அழுதுகொண்டு அம்மா முந்தானைக்குள் போய்விடும். இரண்டு தடவை, மூன்று தடவை. அதற்கப்புறம் அப்பா கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, தறிப்பட்டறையின் கை பாஷையில் அவளிடம் பேச ஆரம்பித்தார். கட்டை விரல் வாய்க்குப் போனால், பால் குடிச்சியா? இரண்டு விரல் கத்தரி, சடை பின்னவா? குழந்தை பத்தடி தள்ளி நின்று பதிலுக்கு விரல் காட்டியது. அதுவும் ஒரு உறவுதான். ஆனால் எழுபது வயதில் ஒரு மனிதர், பேத்தி பயப்படுவாளே என்று வாயை மூடிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அடுத்த வாரமே ஈரோட்டுக்கு அழைத்துப் போய்க் காதைப் பரிசோதித்தோம். "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது!" என்று வெயிட்டிங் ஹாலுக்கே அறிவித்தார். ரிப்போர்ட் வந்தது. 4,000 ஹெர்ட்ஸில் கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

காது மெஷின் போட்டோம். அதற்குள்ளும் நம்ம மத்தியஸ்தர்தான் உட்கார்ந்திருக்கிறார். மெல்லிய சத்தத்தை நிறையத் தூக்குவார், பெரிய சத்தத்தைக் கொஞ்சமாகத் தூக்குவார், ஒரு வரம்புக்கு மேல் காதுக்குள் விட மாட்டார். முதல் சில நாட்கள் அப்பாவுக்கு எல்லாமே தொந்தரவாக இருந்தது. ஃபேன் சத்தம், செருப்புச் சத்தம், பேப்பர் கசங்குகிற சத்தம். "இதெல்லாம் எப்பவும் இப்படித்தான் கத்திக்கிட்டு இருந்துதா?" என்று கேட்டார். மெஷின் செத்துப்போன செல்லைத் திருப்பிக் கொண்டுவராது. பழகச் சில வாரங்கள் ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் அன்றைக்கே நடந்தது. மெஷினை மாட்டிவிட்டு, "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நல்லா..." என்று வழக்கமான வால்யூமில் ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். யாரோ பின்னாலிருந்து கத்தின மாதிரி திரும்பிப் பார்த்தார். பிறகு, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "நல்லா இருக்குது" என்றார்.

பேத்தி இப்போது தாத்தா மடியில்தான் உட்காருகிறாள். கத்தரி விரல் பாஷையும் நடக்கிறது, ரகசியமும் நடக்கிறது. அம்மாவும் என்னைத் தனியாக அழைத்தாள். சந்தோஷத்தில் ஏதோ சொல்லப் போகிறாள் என்று போனேன். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, கவலையோடு கேட்டாள்:

"ஏன் சாமி, அந்த மெசினுல எவ்வளவு தூரம் வரைக்கும் கேக்கும்? முப்பது வருசமா இங்க நின்னு நானு என்னென்னமோ முணுமுணுத்துட்டு இருந்தேன்..."